தராசுக்கு ஒரு தேசிய விருது

பெண்களின் சமத்துவத்துக்குப் பாடுபட்டவர்களைத் தேடிப்பிடித்து விருது கொடுக்கப் போகிறார்களாம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம், மூன்று மொழி. சிங்களமும் ஆங்கிலமும் சுத்தம்; தமிழில் மட்டும் வழக்கம்போல அச்சுப்பேய் குடியிருந்தது. ‘விண்ணப்பதாரி’ என்று வரவேண்டிய இடத்தில் ‘விண்ணப்பநாரி’ என்றிருந்தது. பெண்களுக்கான விருதுதானே, தெரிந்துதான் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

யாரைப் பரிந்துரைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். அமைச்சர்களுக்கு அவசியமில்லை; அவர்களுக்கான விருதை அவர்களே ஏற்பாடு செய்துகொள்வார்கள். தொழிற்சங்கத் தலைவர்களின் கழுத்தில் இன்னொரு மாலைக்கு இடமில்லை. கடைசியில் ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பேசாத முகம். நாளுக்கு மூன்று தடவை, மலையக மலைகளில் கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் போய் நிற்கிற முகம். எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துத் தராசைப் பரிந்துரைப்பதென்று முடிவு செய்தேன்.

முதலாம் கேள்வி, பெயர். கொழுந்துத் தராசு. என் அம்மா காலத்தில் கொக்கியில் தொங்கியது. இப்போது பற்றரியில் ஓடுகிறது. குடும்பம் அதே குடும்பம்தான்.

இரண்டாம் கேள்வி, நிரந்தர முகவரி. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் தராசின் அந்தஸ்து எனக்கு முழுதாக விளங்கியது. அதற்கு முகவரி உண்டு. தோட்டத்தின் பெயர், டிவிசன், காரியாலயம், தபால் நிலையம் என்று நாலு வரி எழுதலாம். அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுத அப்படி ஒன்றும் இல்லை. ‘ஆறாம் நம்பர் லயம்’ என்பது முகவரியில்லை, அடையாளம். மாட்டுக்குச் சூடு வைப்பதைப் போல. லயத்துக்கு வரவேண்டிய கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கே ஒரு சாக்குப் பையில் விழும். யாராவது அந்தப் பக்கம் போகிற பையனிடம் கொடுத்தனுப்புவார்கள், நினைவிருந்தால். எனக்கு ஆசிரியர் நியமன நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் அந்தச் சாக்கில் பதினொரு நாள் தூங்கியது. நான் நேர்முகத்துக்குப் போனபோது தேர்வு முடிந்து, மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நியமனத்துக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஏறியிருக்க வேண்டிய சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எந்த ஏற்றத்தாழ்வு அறிக்கையிலும் யாரும் சேர்க்கப் போவதில்லை.

முகவரி இல்லாதவருக்குச் சாலை எதற்கு? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டம் தனியார் நிலம், ஆகவே அதற்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்பது அதன் சாரம். தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினர் சபையில் உட்கார்ந்து பக்கத்துக் கிராமத்துக்குக் கொங்கிறீட் போடக் கையுயர்த்தலாம். தன் லயத்து வாசலில் ஒரு வண்டி கல் கொட்ட முடியாது. பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடியவர்களுக்கு அந்தப் பிரிவின் இலக்கம் தெரியாது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 31 வருடம். அதற்குள் ஓடிப் பிறந்த பிள்ளைகளே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

மூன்றாம் கேள்வி, சேவைக்காலம். இதற்குத்தான் படிவத்தில் இடம் போதவில்லை, பின்னிணைப்பு வைத்தேன்.

எங்கள் சனம் கண்டிச் சீமைக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் விழா எடுத்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் வந்த வழியிலேயே நடந்து போனார்கள். வந்தது கோப்பிக்கு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டார். கோப்பி நோயில் செத்தபிறகு மலையெல்லாம் தேயிலையானது. தேயிலை வந்ததும் பெண்ணின் விரல் வந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளுவதற்கு மெல்லிய விரல் வேண்டும் என்று துரைமார் கண்டுபிடித்தார்கள். மெல்லிய விரலுக்கு மெல்லிய கூலி என்பதையும் கூடவே கண்டுபிடித்தார்கள். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை என்று மூன்று விலை எழுதினார்கள். ஒளிவுமறைவு கிடையாது. வெள்ளைக்காரனிடம் அந்த நேர்மையாவது இருந்தது.

1984இல் இரண்டு கூலியும் ஒன்றாயின. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி. சட்டப்படி அன்றோடு கணக்கு முடிந்தது; இந்த நாட்டுப் பெருந்தோட்டத்தில் கூலிப் பாகுபாடு இல்லை என்று எந்த மகாநாட்டிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், சொல்கிறார்கள். அப்படியானால் சட்டம் போட்டுவிட்டுப் போன பாரத்தை யார் சுமந்தது? இங்கேதான் நமது விண்ணப்பநாரி வருகிறார்.

ஆண் கவ்வாத்து வெட்டுகிறான், உரம் போடுகிறான், மருந்தடிக்கிறான். குறிப்பிட்ட மரத்தை வெட்டி முடித்தால், குறிப்பிட்ட மூட்டையைத் தூவி முடித்தால், அவனுக்குப் பேர் விழும்; அதாவது முழு நாட்கூலி. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக வீடு திரும்பிவிடுவான். (மருந்துப் பீப்பாயை முதுகில் சுமக்கிறவனின் நுரையீரலைப் பற்றித் தனியாக அழவேண்டும், இங்கே நேரம் பற்றி மட்டும் பேசுகிறேன்.) பெண்ணுக்கு வேலையை நேரத்தாலும் அளப்பார்கள், கிலோவாலும் அளப்பார்கள். ஏழு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவள் நாலரை, ஐந்து வரைக்கும் மலையில் நிற்கவேண்டும்; அதோடு பேருக்கான கிலோவையும் காட்டவேண்டும். நேரம் நின்று கிலோ வராவிட்டால் அரைப்பேர். கிலோ வந்து நேரம் நிற்காவிட்டாலும் பேச்சு விழும்.

நாட்கூலி 1,350 என்று வையுங்கள். ஆண் ஆறு மணிநேரம் நின்றால் மணிக்கு 225 ரூபாய். பெண் ஒன்பது மணிநேரம் நின்றால் 150. வித்தியாசம் 75. ஒரு பேருக்கு 18 கிலோ என்று எடுத்தால் ஒரு கிலோவின் கூலி எவ்வளவு தெரியுமா? அதே 75. ஆக, பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்கு மணிக்கு ஒரு கிலோ தண்டம். அந்தக் காலத்துத் துரை பெண்கூலியை வெட்டக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பந்தி எழுதவேண்டியிருந்தது. இப்போது மணிக்கூடும் தராசும் சேர்ந்து எழுதாமலே முடித்துவிடுகின்றன.

இனி நிறுவை. என் அம்மா வேலை செய்த தோட்டத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடுவத்தில் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அந்தி நிறுவை. மழை நாள். படங்குச் சாக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை சேறு. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை, சுண்ணாம்பு வைத்திருந்தார். தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முதுகு எங்களைப் பார்த்து. அம்மா கொழுந்தைத் தூக்கி வைத்தார்.

“ஒம்போது.”

“அய்யா, நெறஞ்சு வழிஞ்சுச்சுங்களே.”

“பதினொண்ணு காட்டுது. தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு. ஒம்போது. அடுத்த ஆளு.”

“சாக்கு ஒரு கிலோ இருக்குமாங்க அய்யா?”

“ஈரச் சாக்கும்மா.”

வெயில் நாளிலும் சாக்கு ஈரமாகத்தான் இருந்தது. ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ, நாளுக்கு மூன்று நிறுவை, ஆறு கிலோ. மூன்று நாளுக்குப் பதினெட்டு. அதாவது மூன்று நாளைக்கு ஒருமுறை என் அம்மா ஒரு முழுப் பேரைச் சாக்குக்கும் மேகத்துக்கும் தானம் செய்தார். மாதத்துக்கு இருபத்துநாலு நாள் என்றால் எட்டுப் பேர். அறுபது பெண்கள் உள்ள டிவிசனில் இந்தத் தானம் நாளுக்கு 360 கிலோ. அந்த 360 கிலோவும் ஆவியாகிப் போகவில்லை. வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து, சிங்கம் வாள்பிடித்து நிற்கும் பொட்டலத்தில் ஏறிச் சீமைக்குத்தான் போனது. கூலியில் மட்டும் காணாமல் போனது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார் எங்கள் அப்பாயி. ஆறுகூட அளந்ததைத் தின்னாது.

ஊர்க் கடைக்காரனின் தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்த அரசாங்க ஆள் வருவார். அரைக் கிலோப் பருப்பில் ஐந்து கிராம் குறைந்தால் வழக்கு. எங்கள் மடுவத்துக்கு அந்த ஆள் வந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பருப்பு வாங்குகிறவர் நுகர்வோர். கொழுந்து நிறுக்கிறவர் கூலி. நுகர்வோருக்குத்தான் உரிமை.

நான்காம் கேள்வி, விண்ணப்பதாரியின் பெரிய சாதனை. இதை எழுதும்போது கை நடுங்கியது, பெருமையிலில்லை. வந்த கூலி உயர்வையெல்லாம் விழுங்கி ஏப்பம் விடாமல் நின்றதுதான் தராசின் சாதனை.

கூலிக் கதையைக் கேளுங்கள். 2013இல் கூட்டு ஒப்பந்தம்: நாளுக்கு 620. அதில் அடிப்படை 450. மிச்சம் வரவுக்கு இவ்வளவு, விலைப் பங்குக்கு இவ்வளவு. மாதத்தில் ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்று வரவு விகிதம் குறைந்தால் வரவுக் காசு முழுக்கப் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் எழுதியவர்களுக்கும் தெரியும். 2015இலிருந்து ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். 2016இல் 730 கொடுத்தார்கள். அடிப்படை 500தான், 140 ரூபாய் குறித்த கிலோவை எடுத்தால் மட்டும். இது ‘உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு’. மழை பெய்யாமல் கொழுந்து வளராவிட்டால் அது பெண்ணின் ஊக்கக் குறைவு. 2018இல் படித்த பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் இறங்கி ஆயிரம் கேட்டார்கள். 2019இல் அடிப்படை 700 ஆனது. வரவுக் காசையும் உற்பத்திக் காசையும் எடுத்துவிட்டார்கள். வலது கையால் கொடுத்ததை இடது கையால் எடுத்தபின் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார்கள்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை தலையிட்டு ஆயிரத்தை வர்த்தமானியில் போட்டது. கேட்ட ஆறாம் வருடம் கிடைத்தது. அதற்குள் ஆயிரத்தின் பெறுமதி கரைந்துபோயிருந்தது. லயங்களில் பட்டாசு வெடித்தார்கள். அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் ஒரு சின்ன அறிவிப்பு: இனி ஒரு பேருக்கு இத்தனை கிலோ. பல தோட்டங்களில் பதினாறு பதினெட்டானது, பதினெட்டு இருபதானது. எடுக்க முடியாதவளுக்கு அரைப்பேர், இல்லாவிட்டால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. கூட்டு ஒப்பந்தத்தைக் கம்பனிகள் கைகழுவின. ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் இருந்தது. கிலோ மடுவத்தில் இருந்தது. வர்த்தமானியைப் படிக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். தராசு காலையிலேயே வந்துவிடும்.

2024 மே தினத்தை ஒட்டி 1,700 என்று அறிவித்தார்கள். தேர்தல் வருடம். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 வந்தது. இரண்டு மாதம் எங்கள் பெண்கள் கடதாசியில் 1,700 ரூபாய் சம்பாதித்தார்கள். அந்தக் கடதாசியில் வடை மடிக்கலாம். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்தார்கள்: கம்பனி 1,550 கொடுக்கும், மிச்சம் 200ஐ வரவுக் காசாக அரசாங்கம் கொடுக்கும். 2019இல் காணாமல் போன வரவுக் காசு சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது பாருங்கள். இந்த முறை அதைக் கொடுப்பது கம்பனியில்லை, திறைசேரி. சீனிக்கும் மாவுக்கும் வரி கட்டுகிற கொழுந்துக்காரி, தன் கூலியில் ஒரு பங்கைத் தானே தனக்குக் கொடுத்துக்கொள்கிறாள். இதைவிடச் சுயசார்பு வேறென்ன இருக்கிறது?

கம்பனிகளின் துன்பமும் எனக்குத் தெரியாமலில்லை. உற்பத்திச் செலவு, காலநிலை, ரஷ்யச் சந்தை, ஏலவிலை என்று ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கண்ணீர் விடுகிறார்கள். 2024இல் தேயிலை ஏற்றுமதி நாட்டுக்குக் கொண்டுவந்தது சுமார் 140 கோடி டொலர். கண்ணீருக்கு நடுவே வந்த காசு. ஹோட்டல் தேநீரின் விலையையும் நாட்கூலியையும் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது அலுத்துவிட்டது. தேநீர் மலிவாக விற்றாலும் அம்மாவின் இரண்டு கிலோ அம்மாவின் இரண்டு கிலோதான்.

ஐந்தாம் கேள்வி சொந்தக் காணி பற்றியது, ஆறாம் கேள்வி வீட்டு உறுதி பற்றியது. இரண்டுக்கும் ‘பொருந்தாது’ என்று எழுதினேன். பிறகு மனம் கேட்கவில்லை. பக்க ஓரத்தில் பென்சிலால் கொஞ்சம் எழுதினேன். 1992இல் தோட்டங்களைத் தனியார் நிர்வாகத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை. 200 வருடம் அதே மண்ணில் பிறந்து செத்து உரமானவர்களுக்கு? ஒரு வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் தருவதாகச் சொன்னார்கள். பிறகு மனமிரங்கி 10 என்றார்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் குடும்பத்துக்கு அதுவும் வானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தேயிலையைச் சொந்தக் காணியில் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் தன் கொழுந்துக்கு விலை கேட்கிறார். எங்களவள் கூலி கேட்கிறாள். நடுவே இருப்பது காணி உறுதி என்ற ஒற்றைக் கடதாசி. அந்தக் கடதாசி ஏன் இவளிடம் இல்லை என்று கேட்டால், அது அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

ஏழாம் கேள்வி: இன நல்லிணக்கத்துக்கு விண்ணப்பதாரி ஆற்றிய பங்கு.

இதில் தராசுக்கு முழுப் புள்ளி. அது இனம் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டிய தேவை வரவில்லை. பெரும்பாலும் அதன் முன்னால் ஒரே இனம்தான் வரிசையில் நின்றது. அந்த வரிசை தானாக உண்டானதில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஏழு பேர் அதிகம் என்று சுதந்திர இலங்கைக்குத் தோன்றியது. 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போச்சு. கூலிகளைப் பிரஜைகளாக்கும் தொல்லை அதோடு தீர்ந்தது. 1964இல் ஆட்களையே நிறுத்தார்கள். இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவின் தட்டில், 3 லட்சம் இலங்கையின் தட்டில் என்று போட்டார்கள். தட்டில் அடங்காத ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாக அறுத்தார்கள். அக்கா ஒரு தட்டில், தங்கை மறுதட்டில். ராமேஸ்வரம் கப்பலில் ஏறியவர்களைத் தமிழ்நாடு ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டது. நீலகிரியில் திரும்பவும் தேயிலைதான் கிடைத்தது. தங்கியவர்களை இங்கே குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியது. இரண்டு நாட்டிலும் வெளிநாட்டுக்காரராக இருப்பது எல்லோருக்கும் வாய்க்காத பாக்கியம்.

1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. காணிச் சீர்திருத்தம் என்ற சொல் எவ்வளவு அழகு! காணி பகிரப்பட்டபோது பட்டியலில் எங்கள் பெயர் இருக்கவில்லை. பிரஜையே இல்லாதவருக்குக் காணி எதற்கு? பல தோட்டங்களில் ஆட்களையே துரத்தினார்கள். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கரைப் பறிப்பதை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குச் செத்தார். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் சுடப்பட்டது 1940இல். வெள்ளைக்காரன் போனான், துப்பாக்கி போகவில்லை. வாக்கில்லை, காணியில்லை, முகவரியில்லை, இந்த மூன்றும் இல்லாத பெண் தராசின் முன்னால் நிற்கும்போது “சாக்கு ஒரு கிலோ இருக்குமா?” என்று எவ்வளவு தூரம் கேட்கமுடியும்? தோட்டத்தை விட்டுப் போனால் காம்பிராவும் போகும். கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும். சாக்கின் ஈரம் அங்கிருந்துதான் வருகிறது.

சிங்களப் பேரினவாதத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் வடக்கிலும் கொழும்பிலும் உள்ள நம்மவர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 1948இல் அந்தக் குடியுரிமைச் சட்டத்துக்குக் கையுயர்த்திய, கையுயர்த்தாமல் நழுவிய, பிறகு விளக்கம் எழுதிய தமிழ்க் கனவான்களின் கதை நமக்குத் தெரியும். அது பழங்கதை என்றால், ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் புதிதா? எத்தனை தமிழ் வீடுகளின் குசினியில் பதினொரு வயது மலையகச் சிறுமி சட்டி தேய்த்தாள்? அவளுக்கு என்ன கூலி கொடுத்தோம்? “எங்கட பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்” என்றோம். எங்கட பிள்ளை ரியூசனுக்குப் போனது.

எட்டாம் கேள்வி, விண்ணப்பதாரியை நன்கு அறிந்த இருவரின் நற்சான்று. கம்பனி ஒன்று, அதில் சந்தேகமில்லை. மற்றது தொழிற்சங்கம். மாதா மாதம் சம்பளத் துண்டில் சந்தா கழியும். தீபாவளி முற்பணமும் கழியும். ஊழியர் சேமலாப நிதியும் கழியும். கழிவுகளைப் பார்த்தால் எங்கள் பெண்கள் பெரிய கொடைவள்ளல்கள். சந்தா கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; சந்தாவைக் கொண்டு பேசப் போகிறவர்களில் பெண்ணைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும். 1930களில் தொழிற்சங்க முன்னோடி நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் பாட்டுகளை எழுதி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். கொஞ்சம் முன்கூட்டி வந்துவிட்டார் போலிருக்கிறது. கூலி உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் இருபுறமும் ஆண்கள் உட்கார்ந்து பெண்ணின் விரல் எத்தனை கிலோ கிள்ளும் என்று தர்க்கம் செய்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம், அவர்களில் ஒருவரையாவது அரைநாள் மலையில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று தோன்றும். தலைப்பட்டி நெற்றியில் அழுந்துகிற தடத்தோடு திரும்பி வந்தால் பேச்சுவார்த்தை பத்து நிமிடத்தில் முடியும். வீட்டு ஆணும் சளைத்தவனில்லை. பொண்டாட்டி சம்பளத்தையும் தானே வாங்கிக்கொள்வது ஒரு காலத்தில் தோட்டத்து வழக்கம். காரியாலயமும் சரி என்று நீட்டியது. அந்தக் காசு வீட்டுக்கு வரும் வழியில் தவறணை இருந்தது.

நற்சான்று தர மூன்றாவதாக ஒருவரும் கிடைத்தார்: வளவாளர். போன வருடம் ஒரு விடுதியில் ‘பெருந்தோட்டப் பெண்களின் பொருளாதார வலுவூட்டல்’ என்று ஒருநாள் பயிலரங்கு. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பவர்பொயின்ட்டின் முதல் படத்தில் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் சிரிப்பாள். நிறுவைக்கு முன் எடுத்த படமாக இருக்கும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பன்னிரண்டு பெண்களை வானில் ஏற்றி வந்திருந்தார்கள். காளான் வளர்க்கலாம், சவர்க்காரம் காய்ச்சலாம், தையல் பழகலாம் என்றார் வளவாளர். அந்தி ஐந்தரைக்கு மலையிறங்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கி, விறகு கூட்டி, ரொட்டி தட்டி முடித்தபின் காளான். பிறகு ‘நிதி அறிவு’. ஒரு வட்டம் வரைந்து செலவைப் பங்கு போடச் சொன்னார். அநாவசியச் செலவைக் குறைத்தால் சேமிப்பு பெருகும் என்றார். 1,350 ரூபாயில் ஆறு வயிறு நிரப்புகிறவளுக்குச் செலவைக் குறைக்கக் கற்பிக்க, என் கண்முன்னே ஒரு மனிதர் அந்த 1,350ஐப் போல எத்தனையோ மடங்கு வாங்கிக்கொண்டு நின்றார். நுண்கடன்காரன் வாரா வாரம் லயத்து இஸ்தோப்பில் வந்து உட்காருவதற்கு அவருடைய வட்டத்தில் பங்கு இருக்கவில்லை.

பின்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் எழும்பினார். “அய்யா, செலவ எப்படிக் கொறைக்கிறதுன்னு சொன்னீங்க, நல்லது. நிறுவையில கொறைக்கிறாங்களே, அத யாருகிட்டச் சொல்றது?”

நான் மொழிபெயர்த்தேன். வளவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல கேள்வி என்றார். அது இன்றைய தலைப்புக்குள் வராது என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் எனக்கு வெட்கம் தருவது அதுதான்.

தலைப்புக்குள் வராததை எண்கள் சொல்கின்றன. 2019 குடும்பக் கணக்கெடுப்பில் நாட்டில் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. அதன்பிறகு 2022 நெருக்கடியில் விலை எல்லாம் தலைக்குமேல் போனது. 2021 கடைசியில் நவீன அடிமைத்தனம் பற்றி விசாரிக்கும் ஐ.நா. அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா இலங்கைக்கு வந்து, மலையகத் தமிழரைப் பற்றி அறிக்கையும் எழுதினார். ‘அடிமை’ என்ற சொல்லுக்குத்தான் பலருக்குக் கோபம் வந்தது. நிலைமைக்கு வந்ததாக நினைவில்லை.

ஒன்பதாம் கேள்வி, எதிர்காலத் திட்டம், நூறு சொற்களுக்குள். தராசிடம் கேட்கமுடியாது, அம்மாவிடம் கேட்டேன். இப்போது ஓய்வில் இருக்கிறார். ஆள்காட்டி விரல் இன்னும் நேராக நீள்வதில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். “தராசு மூஞ்சிய எங்க பக்கம் திருப்பி வைக்கச் சொல்லு. நாங்களும் நம்பர் படிப்போம். ஆம்பளைக்கு வேல முடிஞ்சா வீடுன்னா எங்களுக்கும் கிலோ முடிஞ்சா வீடு. ஒறுதி எழுதுனா எம் பேர்ல எழுதச் சொல்லு, ஒங்கப்பா பேர்ல வேணாம், வித்துக் குடிச்சிருவாரு.” அப்பா இஸ்தோப்பில் இருந்து இருமினார். எண்ணிப் பார்த்தேன், முப்பது சொல்கூட இல்லை. பெருந்தோட்டத்துக்கென்று அமைச்சு வைத்து, ஆணைக்குழு வைத்து, ஆலோசகர் வைத்து எழுதிய திட்டங்களில் இந்த முதல் வாக்கியம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். தராசைத் திருப்பி வைக்கக் காசு செலவில்லை. வர்த்தமானி வேண்டாம். நீதிமன்றத் தடையும் வராது. இரண்டு கைகள் போதும். அதனால்தான் இன்னும் யாரும் செய்யவில்லை.

படிவத்தை நிரப்பிக் கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன். விண்ணப்பதாரியின் வதிவிடச் சான்று வேண்டுமாம். தராசு தோட்டக் காரியாலயத்தில் பதிவாகியிருக்கிறது என்றதும் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். பரிந்துரைப்பவரின் முகவரி எங்கே என்றார். ஆறாம் நம்பர் லயம் என்றேன். இது போதாதே, ஆசிரியர் விடுதி ஏதாவது முகவரி இருந்தால் போடுங்கள் என்றார்.

போன மாதம் பதில் அனுப்பிவிட்டதாகக் கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். பதிவுத் தபாலாம். தோட்டக் காரியாலயப் பக்கம் யாராவது போனால் அந்தச் சாக்கைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.